ஃபில்டருக்கு அந்தப் பக்கம்

"நான் எழுதிக் கொடுக்கிறேன், குறடுக்கு இதுல ஏதோ வரும்படி இருக்கு" என்றார் கேப்டனம்மா.

விமானப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் அவர். முப்பது வருஷமாகச் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். குறடு என்பது கழகத்து மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் குறடு துருத்திக்கொண்டிருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

எதிரே இருந்த செயலாளர் கேப்டனம்மாவின் கொழுந்தனார்.

"ஆனா அண்ணி, விமானம் இப்ப ஜிவ்வுன்னு ஏறுதே! போன மாசம் திணறின திணறல் என்ன? ஒரு நாள் வேலியோரத்து மரத்தை உரசாத குறைதானே?"

"அதான் எனக்கு இடிக்குது. ஒரு ஏர் ஃபில்டரை மாத்தினா விமானத்துக்கு இன்னும் ரெண்டு றெக்கை முளைச்சிடுமா? கம்பெனி ஃபில்டரைக் கழட்டிட்டு வேற யாரோ செஞ்சதை மாட்டியிருக்கான். அதை விக்கிற கடை யாருது தெரியுமா? அவன் மச்சானுது!"

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடப்பாவி!"

"நாளைக்குக் காலையில சோதிச்சுப் பார்த்துடலாம். நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து நேரம் பாருங்க."

மறுநாள் முதலில் புது ஃபில்டர். தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏற வேண்டும். ஆயிரம் அடி ஏற எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

இறங்கும்போது கார்புரேட்டரில் பனி உறையாமல் இருக்க, சூட்டுக் காற்று லிவரை வெளியே இழுத்தார் கேப்டனம்மா. ஏறும்போது அதை உள்ளே தள்ள வேண்டும். லிவருக்கு மேலே குறடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: 'புது ஃபில்டருக்காக. ஏறும் முன் லிவரை முழுசாகத் தள்ளி, "உள்ளே" என்று சத்தமாகச் சொல்லவும்.'

"உள்ளே" என்று சொல்லித் தள்ளினார். "ஒரு ஃபில்டருக்கு என்ன பந்தா பாருங்க!"

ஒரு நிமிஷம் நாற்பது விநாடி.

கீழே வந்ததும் குறடு வாயே திறக்காமல் பழைய ஃபில்டரை மாட்டிக் கொடுத்தான்.

"சத்தமே காணோமே. முழியே சரியில்லை" என்று கொழுந்தனார் காதைக் கடித்தார் கேப்டனம்மா.

மறுபடி இறக்கம், "உள்ளே", ஏற்றம்.

ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி.

"ரெண்டே விநாடி! காத்து லேசா மாறினாலே இந்த வித்தியாசம் வரும்" என்றார் கேப்டனம்மா. முகத்தில் வெற்றிக் களை.

அலுவலகத்தில் செயலாளர் குறடைப் பிடித்துக்கொண்டார். "எங்க காதுல பூ சுத்தினியா? வாங்கினது உன் மச்சான் கடையிலதானே?"

"ஆமா சார். வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துடலாம்னு பேசித்தான் எடுத்தேன். பழசே இருக்கட்டும்." கையைத் துடைத்தபடி நின்றான். "அந்தச் சீட்டை மட்டும் கிழிச்சிடாதீங்க."

அவன் போனதும் செயலாளர் கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.

கேப்டனம்மாவுக்கு ஏதோ நெருடியது. ஃபில்டர் போகிறது, சீட்டு எதற்கு? அதுவும் இல்லாமல், இதே பழைய ஃபில்டரோடு விமானம் இன்று நன்றாக ஏறுகிறது. போன மாதம் மட்டும் ஏன் திணறியது? பயல் வேறு எதையோ மறைக்கிறான்.

நேராக விமானக் கொட்டகைக்குப் போனார்.

"மழுப்பாம சொல்லு. போன மாசம் என்ன கோளாறு?"

"விடுங்க அக்கா."

"சொல்றியா இல்லையா?"

குறடு பெருமூச்சு விட்டான். "இன்ஜினைத் திறந்தப்ப ஃபில்டர் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குள்ள, ஒரே தூசி. ஃபில்டரைத் தொடாம காத்து போயிருக்கு. அப்படிப் போறது சூட்டுக் காத்து ஒண்ணுதான். யாரோ லிவரைத் தள்ள மறந்துட்டு ஏறியிருக்காங்க. சூட்டுக் காத்துல இன்ஜின் எப்படி இழுக்கும்?"

"எந்த மாணவன் அது?"

"திணறின நாளையெல்லாம் பதிவேட்டுல பார்த்தேன். மாணவங்க வேற வேற ஆளு. பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது மட்டும் ஒரே ஆளு."

கேப்டனம்மாவுக்குச் சுருக்கென்றது. 'நீ நேரா ஓட்டு, லிவரை நான் பார்த்துக்கிறேன்.' ஒவ்வொரு மாணவனிடமும் அவர் சொல்வது அதுதான்.

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு தடவை வாயெடுத்தேன். 'எனக்கே பாடமா?'ன்னு கேட்டீங்க. கமிட்டியில சொன்னா உங்களை ஓரமா உட்கார வச்சிடுவாங்க. சொல்லாம விட்டா யாராவது மரத்துல மோதுவாங்க. புது ஃபில்டருக்குன்னு சீட்டு ஒட்டினா செய்வீங்கன்னு தோணுச்சு. ஒரு மாசமா ஒரு தடவைகூட நீங்க மறக்கல அக்கா."

செயலாளர் காகிதத்தோடு வேகமாக உள்ளே வந்தார்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணி. 'கழகத்தின் மெக்கானிக், விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார்.' சரிதானே?"

"ஒரு வார்த்தை தப்பா இருக்கு" என்ற கேப்டனம்மா பேனாவை வாங்கி, 'மெக்கானிக்' என்பதை அடித்துவிட்டு, 'தலைமைப் பயிற்சியாளர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.