ஆறு சீட்டு

அன்று மூக்குக் கண்ணாடிக் கடையின் உள்ளறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கடைக்காரனான என் தம்பி, அவன் மனைவி, தம்பியின் பெண்கள் இருவர், அந்தப் பெண்களுக்கு அத்தையான எங்கள் தங்கை, நான். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக்கு விடுமுறை. நாற்காலி நாலுதான். சின்னவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

பெரியவளைப் பற்றித்தான் கூட்டம். பள்ளியில் இரண்டாவதாகத் தேறியவள். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. கடைக்கு வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசி, முகத்துக்கு ஏற்ற ஃப்ரேமை மாட்டி, சிரிக்க வைத்து அனுப்புவாள். ரசீதின் மூலையில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்து கொடுப்பாள். என் தம்பிக்கோ "அடுத்தது யார்?" என்பதற்கு மேல் பேச்சு வராது.

இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று பின் தெருவில். வகுப்பு முடிந்ததும் கடைக்கு வந்துவிடலாம். இன்னொன்று ரயிலில் ஒன்பது மணி நேரம். பேச்சு மேடை, நாடகக் குழு, விடுதி எல்லாம் உண்டு. அதன் கையேட்டை அவள் புரட்டிப் புரட்டியே அட்டை கழன்றுவிட்டது. மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

தூரத்துக் கல்லூரிதான் வேண்டும் என்று ஒரு மாதமாக வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தாள்.

அன்று எல்லோரும் எதிர்க்கட்சி. விடுதிச் சாப்பாட்டில் துரும்பாகிவிடுவாள் என்றாள் அவள் அம்மா. தனக்குக் கணக்குப் பாடம் யார் சொல்லித் தருவது என்றாள் சின்னவள். இவள் பேச்சைத் தாங்காமல் விடுதியில் பக்கத்து அறைக்காரிகள் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள் என்றாள் அத்தை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தம்பி கடைசியாக வாயைத் திறந்தான். "நீ போயிட்டா கடையில யாரும்மா பேசுவா?"

ரேடியோ கையிலிருந்த கையேட்டை மூடி வைத்தாள்.

பேச்சு முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஓட்டுப் போட்டுவிடலாம் என்றாள் சின்னவள். நான் ஒரே அளவில் ஆறு சீட்டு வெட்டினேன். 'பக்கம்' அல்லது 'தூரம்' என்று பென்சிலால் எழுதி, மடித்து, காலிக் கண்ணாடிக் கூட்டில் போட வேண்டும்.

பிரித்து எண்ணினேன். தூரம் ஐந்து, பக்கம் ஒன்று. இன்னொரு தடவை எண்ணினேன். அதேதான்.

இவ்வளவு நேரம் எதிர்த்துப் பேசியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தைதான் முதலில் சுதாரித்தாள்.

"நானே மனசு மாறிட்டேன். அந்த ஒண்ணு உன்னோடதுதானே அண்ணா? பொண்ணைவிடக் கடை பெரிசாப் போச்சா?"

"அவருக்கு எப்பவும் கடைதான்," என்றாள் மனைவி.

தம்பி அந்தச் சீட்டை என்னிடமிருந்து வாங்கினான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஆமா, நான்தான் போட்டேன். ஆசைப்பட்டேன், தோத்துட்டேன். இப்ப என்ன அதுக்கு? போம்மா, வர்றேன்னு பதில் எழுது."

அவள் ஏதோ சொல்ல வந்தாள்.

"ஓட்டுன்னா ஓட்டுதான்," என்றான்.

ரேடியோ முதல் தடவையாகச் சத்தமில்லாமல் எழுந்து போனாள். அத்தை அதன்பின் பத்து நாள் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. அந்தச் சீட்டின் மூலையில் ஒரு சிரிப்பு முகம் பாதி வரைந்து அழிக்கப்பட்டிருந்தது.

பதினோராம் நாள் அவளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். 'தூரம்' என்று எழுதியவர்கள் மட்டும்தான் வீட்டில் மீதி. ஐந்து பேர்.