பெத்தவ நானே

மணப்பெண்ணின் நெற்றியில் பொட்டை ஒட்டிவிட்டு, மேக்கப் போட வந்தவள் ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். இம்மிகூடப் பிசகவில்லை.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

மணப்பெண்ணின் அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மல்லிகைச் சரத்தை நீட்டியவள், அப்படியே நின்றாள்.

"நீ நெல்லிக்குப்பம்தானே? மாசியில உன் வீட்டுக்காரர் காரியத்துக்கு வந்திருந்தோமே!"

அடக் கடவுளே. விருத்தாசலத்தில் எத்தனை கல்யாண மண்டபம். இந்த அம்மாள் இங்கேயா வந்து சேர வேண்டும்?

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கை முந்திக்கொண்டு தன் நெற்றிப் பொட்டை மறைத்தது.

சொந்த ஊரில் இப்போது யாரும் அவளை மணப்பெண் மேக்கப்புக்குக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வருகிறாள். ஊர் தாண்டியதும் பொட்டு. மண்டபத்து வாசலில் ஒரு முழம் பூ. திரும்பும்போது இரண்டையும் எடுத்துவிடுவாள்.

இந்தப் பிழைப்பும் போனால் பிள்ளைகளை எப்படிக் கரையேற்றுவாள்?

"கோமளா! ஒம் பொண்ணு நெத்தியத் தொட்டது யாருன்னு வந்து பாரு!"

பெண்ணின் அம்மா ஓடி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பட்டுப்புடவைதான் கட்டியிருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்திலும் இல்லை. காலையிலிருந்து அவள் இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

அவளைக் கண்டதும் இவளுக்கு உயிர் வந்தது. இந்த நிலைமை அவளுக்கா தெரியாது? ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பெத்தவ நானே வெளிய நிக்கிறேன். நீ எப்பிடிம்மா தொட்ட?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கோமளா நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சு வைங்க. சுமங்கலியாப் பாத்துக் கூட்டியாறேன்" என்று அத்தை கீழே இறங்கிப் போனாள்.

மணப்பெண் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுதால் மை கரைந்துவிடும்.

போட்ட மேக்கப்பை அழிக்க இவளுக்கு மனம் வரவில்லை. சீப்பையும் பிரஷ்களையும் பெட்டியில் வாரிப் போட்டாள். இனி இந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள்.

வாசற்படியைத் தாண்டும்போது கோமளா அவள் கையைப் பிடித்தாள்.

போச்சு, இன்னும் என்ன கேட்கப் போகிறாளோ.

கோமளாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"புள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல்னு சொன்னாங்க. தொட்டியே, நெத்தி சுட்டுதா?"



இவள் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"நீங்களே தொட்டுப் பாருங்கக்கா."

மாடிப்படியில் அத்தையின் சத்தம். கூடவே யாரோ வரும் கொலுசுச் சத்தம்.

கோமளா மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

பிடித்த கையை இருவருமே விடவில்லை.