யூப்பிட்டருக்கும் அசையாத கல்

"டேய் கஸ்பர்! வேலியையோடா அரக்கிறாய்?"

ஜீவரத்தினம் போட்ட சத்தத்தில் அந்த லண்டன் குட்மேய்ஸ் தெருவில் நாலு வீட்டு யன்னல் திரை விலகியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அப்போதுதான் காரை விட்டு இறங்கியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற பழைய பலகை வேலி பிடுங்கிக் கிடந்தது. இடம் நகர்த்திப் புதுக் கட்டைகள் நட்டாயிற்று. பக்கத்து வீட்டுக் கஸ்பர் மண்வெட்டியும் கையுமாக நின்றார்.

எல்லாவற்றையும்விட, எல்லைக் கல்லைக் காணவில்லை!

"கல் எங்கை?"

"சொல்லுறன் அண்ணை, முதல்..."

"வாயை மூடு! கல்லைப் பிடுங்கினவன் காணியைப் பிடுங்காமல் விடுவானோ? ஊரிலை ஒரு பனை அகலக் காணிக்கு என்ரை அப்பர் பதினெட்டு வருசம் வழக்குப் பேசிக் கோடேறினவர். நான் அவரின்ரை மகன்!"

கஸ்பர் குருமடத்தில் லத்தீன் படித்து, பாதியில் வெளியே வந்து, லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். அந்தக் கல் அவருடைய பைத்தியம். யாரோ குப்பையில் போட்டதைத் தூக்கிவந்து சரியாக நடு எல்லையில் நட்டிருந்தார். தலையும் நெஞ்சும் மட்டும்தான், கையுமில்லை, காலுமில்லை. ரோமாபுரிக்காரரின் எல்லைத் தெய்வமாம். பெயர் தெர்மினுஸ். வருசா வருசம் மாசியில் ஒருநாள் அதற்குப் பூவும் தேன் கேக்கும் வைப்பார்.

"வேதக்காரன் கல்லுக்குப் படைக்கிறாய். பாதர் கண்டால் பிரம்பெடுப்பார்" என்று ஜீவரத்தினம் நக்கலடிப்பார்.

போன கிழமை நக்கல் வரவில்லை.

மனைவி வசந்தமலருக்குப் பாரிசவாதம். இனிச் சக்கர நாற்காலிதான். முன்வாசலில் ஐந்து படி. வீட்டுப் பக்கவாட்டு ஒழுங்கையோ இரண்டடி அகலம். நாற்காலி போக மூன்றடி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வழி இல்லாவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்களாம். பராமரிப்பு இல்லம்தான்.

ஜீவரத்தினம் பேரம் பேசியே முன்னுக்கு வந்தவர். நேரே கஸ்பரிடம் போனார்.

"ஒரே ஒரு அடி. விலையைச் சொல்லு."

"உது விக்க ஏலாது, அண்ணை."

"எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு!"

"இவருக்கு இல்லை. பெரிய சாமி யூப்பிட்டருக்குக் கோயில் கட்டேக்கை மற்றச் சாமியள் எல்லாம் எழும்பி இடம் விட்டதுகள். இவர் மட்டும் அசையேல்லை. கடைசியிலை இவரை உள்ளுக்கை வைச்சுத்தான் கோயிலையே கட்டினவை. இவரை அரக்கினால், அரக்கினவனுக்கும் அவன்ரை மாட்டுக்கும் சாபம். ஆனால் அண்ணை..."

"விசரன்!"

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தவர்தான். அதன்பிறகு பேச்சில்லை.

அந்த விசரன் இன்று கல்லையே விழுங்கிவிட்டு நிற்கிறான்!

ஜீவரத்தினம் உள்ளே ஓடி டேப்பை எடுத்துவந்தார்.

"அளக்கிறன் பார். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் உன்னைக் கோட்டிலை ஏத்தாமல் விடமாட்டன்!"

டேப்பின் நுனியைத் தன் வீட்டுச் சுவரில் வைத்துப் புதுக் கட்டைவரை இழுத்தார்.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார்.

மூன்றடி இரண்டு அங்குலம்.

"பிழையா நட்டுட்டியோ?" குரல் பாதியாகிவிட்டது.

"இல்லை அண்ணை. நாற்காலியைத் திருப்பவும் இடம் வேணுமெண்டு என்ரை மனிசி பெர்னடெற் சொன்னவ. அதுதான் அந்த ரெண்டு அங்குலம்."

கஸ்பர் விலகினார். அவருக்குப் பின்னால் பெர்னடெற்றின் ரோசாச் செடிகள் வேரோடு கிளப்பி வாளிகளில் வைக்கப்பட்டிருந்தன. அவை நின்ற இடத்தில், புதுக் கட்டைகளுக்கு நடுவே, ஈர மண்ணில் அந்தக் கல்.

யூப்பிட்டருக்கே அசையாத முகம். ஒரு அடி தள்ளி நின்றது.

ஜீவரத்தினம் டேப்பைக் கீழே வைத்தார். என்ன நினைத்தாரோ, சப்பாத்தைக் கழற்றினார். மாசிக் குளிர் மண்ணில் வெறுங்காலோடு நின்றார்.

"ஏலாது எண்டனி..."

"விக்க ஏலாது எண்டனான். குடுக்கிறன் எண்டு சொல்ல முதல் நீங்கள் கதவைச் சாத்திப்போட்டுப் போட்டியள்."

ஜீவரத்தினம் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தார். கல்லையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப... அந்தச் சாபம்?"

கஸ்பர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தட்டிவிட்டார்.

"அரக்கினவனுக்கும் அவன்ரை மாட்டுக்கும் எண்டுதானே அண்ணை இருக்கு. என்னட்டை மாடு இல்லை. மிச்சம் என்னோடை போகட்டும். நீங்கள் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."