அக்காவுக்குக் கொடுத்த வசனம்

“அப்பா, தம்பிக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரலையாம். எதிர்வீட்டுப் பையனைத்தான் பிடிச்சிருக்காம்.”

அக்கா சொல்லி முடித்ததும் தம்பியின் முகம் இறுகியது. “போதாது. இன்னொரு டேக்” என்றான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நின்றிருந்த அக்கா தலையசைத்தாள். படங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். தம்பி இயக்கிய முதல் படம் அவன் சொந்தக் கதை. அதில் அக்காவாக நடித்த பெண்ணுக்கு அவளே பேச வேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டிருந்தான்.

“அக்கா எப்பவும் ஒரே டேக்ல ஊதித் தள்ளிடுவாங்களே சார்” என்றார் ஒலிப்பதிவாளர்.

“இது அவ நிஜமாவே பேசின வசனம். இன்னும் நல்லா வரணுமே!”

பின்னால் சோபாவில், சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். அப்பா அவனை விடுதியில் தள்ளி, வீட்டுப் பக்கமே வராதே என்றபோது, ஒளிந்து ஒளிந்து வந்து பார்த்தவள் அவள்தான். படமே ‘அம்மாவுக்கு’ என்றுதான் தொடங்குகிறது.

ஒலிப்பதிவாளர் முந்தின காட்சியை ஓட்டினார். திரையில் சிறுவன் சமையலறையில் அக்காவிடம் அழுதுகொண்டே மனதைத் திறக்கிறான். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா” என்று அவள் அவன் கண்ணைத் துடைக்கிறாள்.

“இந்த சீன்ல, பக்கத்து ரூம்ல அம்மா தைக்கிற மிஷின் சத்தம் நடுவுல நின்னுடுது சார். கடைசி வரைக்கும் ஓட விட்டுடவா?”

“வேணாம். எனக்கு அப்படித்தான் ஞாபகம்.”

அடுத்த டேக்கில் அக்காவின் குரல் பாதியில் உடைந்தது.

தம்பி பொத்தானை அழுத்தி உள்ளே கேட்கும்படி பேசினான். “ஏன்க்கா? அன்னிக்குத் தடுமாறாமத்தானே போட்டுக் கொடுத்த?”

“முகமெல்லாம் வாடிக் கிடக்கு. முதல்ல சாப்பிடுடா” என்றாள் அக்கா.

“பேச்சை மாத்தாதே. உன்னை எவ்வளவு நம்பினேன் தெரியுமா?”

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். கனமான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மகளின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

“வேணாம்மா. இத்தனை நாள் போனது போகட்டும்” என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

அம்மா மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

“அவளை விட்டுடுடா. அன்னிக்கு உங்கப்பாகிட்ட சொன்னது நான்.”