அடித்துச் சொன்னவன்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கடலூர்க் கரையில் ஒரு தெருவின் கதை சொல்கிறேன். அங்கே கடல் ஏறுமா ஏறாதா என்பதில் யார் கணிப்பை நம்புவதென்று தெருவே ஓட்டுப் போடும். ஜெயித்தவர் சொன்னால்தான் அபாயச் சங்கு ஊதும்.

கடலை ஆராயும் பெண்ணொருத்தி, "நாளைக்குத் தண்ணி ஏறலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு" என்றாள். இன்னொருவன், "வரவே வராது" என்று அடித்துச் சொன்னான்.

"அந்தம்மாவுக்கே சரியாத் தெரியல பாரு புள்ள" என்று சிரித்தான் வேம்பரசன். அவன் மனைவி செங்கமலமும் சிரித்தாள். இருவரும் அடித்துச் சொன்னவனுக்கே ஓட்டுப் போட்டார்கள். அவனே ஜெயித்தான்.

மறுநாள் மத்தியானம் செங்கமலம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனாள். கடல் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. சங்கு ஊதவில்லை. அவள் இறங்கி வந்தபோது தொட்டில் சேலை கொக்கியிலேயே தொங்கியது. உள்ளே குழந்தை இல்லை.

உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். "எனக்கு முழுசாத் தெரியல" என்பவரின் பேச்சுக்கும் உங்கள் வீட்டில் காது இருக்கட்டும்.