அவுரியில் முங்கிய நூல்

கடைச் சாயப்பொடியை விட்டுவிட்டு, மலையூர்ப் பெண்கள் பல வருடம் கழித்து மறுபடியும் நீலச் சாயத்துக்கு அவுரிப் பானை வைத்தார்கள். முதலில் முக்கியெடுத்தது ஒரு சின்னக் கம்பளி நூல் சிட்டத்தை. நீலமாகி ஒரு கல்யாணப் போர்வைக்குப் போகவேண்டிய அந்த நூல், பச்சையாக வெளியே வந்தது.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சிட்டி வேரில் சாயமேறிய சிவப்பு நூல் சிரித்தது. "என்னடி, புல் மேயப் போயிருந்தியா?"

பச்சை நூல் கூசிப்போனது. "பானையக்கா, என்னை உள்ளேயே வெச்சுக்குங்க. இந்தக் கோலத்துல பார்த்தா போர்வையில சேர்க்கவே மாட்டாங்க."

"உள்ளே இருந்தா கடைசிவரைக்கும் பச்சைதான். காத்து பட்டாத்தான் நீலம் வரும். போய்த் தொங்கு" என்றது பானை.

பெண்கள் அதைக் கொடியில் போட்டார்கள். அது மெல்ல நகர்ந்து, சிவப்பு நூலுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தன்னைக் குனிந்து பார்த்தது. காற்று பட்ட பாதி, மழைக்கு முந்தைய வானம்போல நீலமாகியிருந்தது. மறைத்த பாதி இன்னும் பச்சையாகவே இருந்தது.

"அக்கா," என்றது சிவப்பு நூலிடம். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? காத்தை மறைக்கிறீங்க."