வால்டரின் குதிகால்

"பாத்துக்கோங்கப்பா!" என்று டீக்கடை முன்னால் வால்டர் இடது காலை மட்டும் ஊன்றி மூன்று முறை எகிறிக் குதித்தான். ஷிஃப்ட் முடிந்து வந்த துறைமுகத் தொழிலாளிகள் டீயை மறந்து பார்த்தார்கள்.

"நாலு மாசம் முன்னாடி நொண்டிகினு கெடந்தவன் நானு. இத்த இன்னா சரி பண்ணுச்சு தெரியுமா? கொலாஜன் பவுடரு! இதான் நான் வாங்குன ஒரே டப்பா. ராசி டப்பா!"

டப்பாவை உயர்த்திக் காட்டினான். "அந்த ரூத் டாக்டரு படியோரமா நின்னு குதிகால எறக்கி ஏத்தச் சொல்லுச்சு. கொயந்த வெளாட்டு!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு சட்டென்று அடங்கியது. பின்னால் ராயபுரம் பிசியோதெரபிஸ்ட் ரூத் நின்றிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி வால்டரின் தங்கை ஜானட்.

"இவங்களுக்கும் உங்களுக்கு வந்த அதே குதிகால் வலிதான். உங்க பேச்சை நம்பி நான் சொன்ன பயிற்சியை விட்டுட்டாங்க. ரெண்டு மாசமா வெறும் பவுடர்தான். இப்போ காலை ஊனவே முடியல. மீன் வெட்டப் போகாம வீட்டுல கெடக்காங்க."

வால்டர் தங்கையின் வீங்கிய குதிகாலைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். "இதுக்கு ஆராய்ச்சியே கீது டாக்டர். டப்பாலயே போட்டுக்கீறான்."

"நானும் படிச்சேன். கொஞ்ச பேரை வெச்சுப் பண்ண ஆராய்ச்சி. அவங்க பவுடரும் குடிச்சாங்க, பயிற்சியும் பண்ணாங்க. ரெண்டாவதை மட்டும் டப்பாக்காரன் சொல்ல மாட்டான். வெறும் பவுடரே குதிகால் தசைநாணை ஆத்தும்னு நம்புற அளவுக்கு எவனும் நிரூபிக்கல."

"படிச்சவங்களுக்கு எப்பவும் வயித்தெரிச்சல்," என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

ரூத் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ருசி எப்படி இருக்கு வால்டர்?"

"சோக்கா கீது. ஏலக்கா வாசன தூக்குது."

"டப்பாவுல சுவையும் மணமும் சேர்க்கப்படாததுன்னு போட்டிருக்கே?"

வால்டர் பதில் சொல்வதற்குள் அவள் டப்பாவை வாங்கிவிட்டாள். அவனைக் கடைக்கு ஓரமாக இழுத்துப் போய் மூடியைத் திருகினாள். ஜானட் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

உள்ளே வெள்ளித்தாள் கிழியாமல் பளபளத்தது.

ஜானட் அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்தாள். "ஒரு ஸ்பூன்கூடவா குடிக்கல? அப்போ உன் காலு எப்டிண்ணா சரியாச்சு?"

வால்டர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தெனம் ரெண்டு வேள படியிலதாம்மா நின்னேன்... அதச் சொன்னா எவன் மதிப்பான்?"